ஊர்தி ஆயுள்: சூரிய மின்கலத்தின் தரத்தை முன்னரே அறியும் வழி

சிலிக்கன் தகட்டின் மீது சூரிய ஒளி படும்போது எலெக்ட்ரான்களும் துளைகளும் இணை இணையாக விடுபடுகின்றன. மின்னூட்ட ஊர்திகள் எனப்படும் இவை, மீண்டும் ஒன்றுசேர்ந்து மறைவதற்குள் மின்கலத்தின் சந்தியை அடைந்தால்தான் மின்னோட்டம் கிடைக்கும். அவை சராசரியாக நிலைத்திருக்கும் காலமே ஊர்தி ஆயுள்.

ஆயுளும் தொலைவும்

பி-வகைச் சிலிக்கனில் எலெக்ட்ரானின் ஆயுள் 1 மைக்ரோ விநாடியானால், அது ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் தொலைவே பரவும். ஆயுள் 100 மைக்ரோ விநாடியானால் தொலைவு பத்து மடங்காகும். இன்றைய தகடுகளின் தடிமன் 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு. எனவே முதல் வகைத் தகட்டில், ஆழத்தில் தோன்றும் ஊர்திகளில் பெரும்பகுதி வீணாகிறது. 5,000 கோடி சிலிக்கன் அணுக்களுக்கு ஓர் இரும்பு அணு கலந்திருப்பினும் ஆயுள் பெரிதும் குன்றும். மாசுகளின் வழியே நிகழும் இந்த மறுஇணைவை ஷாக்லி, ரீட், ஹால் ஆகியோர் 1952-இல் விளக்கினர்.

அளவிடும் முறை

தகட்டின் மீது ஒரு கணம் ஒளியைப் பாய்ச்சினால் அதன் கடத்துதிறன் உயர்ந்து, பின்னர் தணிகிறது. கீழே வைத்த கம்பிச்சுருள், தகட்டைத் தொடாமலே இம்மாற்றத்தை உணர்கிறது. மிகையான ஊர்திகள் 37 விழுக்காடாகக் குறைவதற்கு ஆகும் நேரமே ஆயுளாகும்.

ஆயுள் மிகக் குறுகியதாயின், விளக்கின் ஒளி தணிவதற்குள் ஊர்திகள் மறைந்துவிடும். இதற்கெனச் சின்டன், குவேவாஸ் ஆகியோர் 1996-இல் வேறொரு முறையை வெளியிட்டனர். ஏரியில் நிற்கும் நீரை வரத்தால் வகுத்தால் நீர் தங்கும் காலம் தெரிவதுபோல, மெல்லத் தணியும் ஒளியில் ஊர்திகளின் செறிவை அவை தோன்றும் வீதத்தால் வகுத்து ஆயுளைக் காண்பர்.

ஓர் எச்சரிக்கை தேவை. வெறும் தகட்டின் மேற்பரப்பிலேயே ஊர்திகள் விரைந்து மறைகின்றன. சிலிக்கன் நைட்ரைடு போன்ற காப்புப் படலமின்றி அளந்தால், கிடைக்கும் எண் மேற்பரப்பின் குறையையே காட்டும். உட்பொருளின் தரத்தைக் காட்டாது.

உற்பத்தியில் பயன்

மின்கலத்தின் திறனை அது முழுமையடைந்த பின்னரே சோதிக்க இயலும். அதற்குள் செலவு முடிந்துவிடுகிறது. ஊர்தி ஆயுளையோ, தகடு ஆலைக்குள் நுழையும்போதும் முக்கியப் படிகளுக்குப் பின்னரும் அளக்கலாம். எந்த உலையில் மாசு புகுந்தது என்பதையும் கண்டறியலாம். 2010-இல் தேசிய சூரிய சக்தி இயக்கத்தைத் தொடங்கி, 2021-இல் உற்பத்தி ஊக்கத் திட்டத்தையும் அறிவித்த நமது நாட்டிற்கு இது முக்கியமாகும். தகடுகளை வெளியிலிருந்து வாங்கும் ஆலை தானே அளந்து பார்க்காவிடில், விற்பவரின் சொல்லையே நம்ப வேண்டியிருக்கும். அளவிடும் கருவியும் அதைக் கையாளும் பயிற்சியும் உற்பத்தித் திட்டத்தின் தொடக்கத்திலேயே இடம்பெறுதல் வேண்டும்.