வேகத்தை அளப்பது வாசகரின் மொபைல்

செய்தி படித்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஒரு விளம்பரம் முளைக்கிறது. வரிகள் சரிந்து இறங்குகின்றன. தொட நினைத்தது ஒன்று, விரல் பட்டது வேறொன்று. இந்த எரிச்சலையும் கூகுள் அளக்கிறது. தேடல் வரிசையில் ஓர் இணையதளம் எங்கே நிற்கும் என்பதில் அந்த அளவுக்கும் பங்கு உண்டு.

வரிசையைத் தீர்மானிப்பதில் வேகத்தையும் கணக்கில் கொள்வதாக கூகுள் அறிவித்தது 2010 ஏப்ரலில். அப்போது கணினித் தேடலே அதன் இலக்கு. 2018 ஜூலையில் மொபைல் தேடலுக்கும் அது வந்தது. 2021 ஜூன் முதல் 'கோர் வெப் வைட்டல்ஸ்' அளவுகோல்கள் படிப்படியாகச் சேர்ந்தன.

இன்று அவை மூன்று. பக்கத்தின் பெரிய படமோ பத்தியோ 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லி நொடிக்குள் திரை அசைந்து கொடுக்க வேண்டும்; 2024 மார்ச்சில் சேர்ந்த அளவுகோல் இது. வரிகளும் படங்களும் இடம் மாறுவதைக் குறிக்கும் மதிப்பு 0.1-ஐத் தாண்டக் கூடாது.

இதில் முக்கியமானது, யாரிடம் அளக்கிறார்கள் என்பது. குரோம் பிரவுசரில் வந்துபோகும் உண்மையான பயனாளர்களின் 28 நாள் அனுபவமே அடிப்படை. நான்கில் மூன்று வருகைகளாவது இந்த எல்லைக்குள் அமைய வேண்டும். அலுவலக லேப்டாப்பில் பறக்கும் பக்கம், பேருந்தில் போகிறவரின் பழைய ஆண்ட்ராய்டில் திணறினால் அந்தத் திணறலும் கணக்கில் ஏறும்.

வேகம் மட்டுமே முதலிடம் தந்துவிடாது. தேடியவருக்குத் தேவையான விஷயம் இருந்தால், சற்று மெதுவான பக்கமும் மேலே வரலாம் என்று கூகுளே சொல்கிறது. பயனுள்ள பக்கங்கள் பல போட்டியிடும்போதுதான் வேகம் கைகொடுக்கும். வந்தவரைத் தக்கவைப்பதில் அதன் பலன் இன்னும் தெளிவு. இத்தாலியில் வோடஃபோன் நிறுவனம் தோற்றத்தை மாற்றாமல், முக்கியப் பகுதி தெரியும் நேரத்தை மட்டும் 31 சதவீதம் மேம்படுத்திச் சோதித்தது. விற்பனை 8 சதவீதம் கூடியது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு கேட்பவை அல்ல. படங்களைச் சுருக்கிப் போடுங்கள். அவற்றின் நீள அகலத்தை நிரலிலேயே குறிப்பிடுங்கள். விளம்பரத்துக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்குங்கள். பயன்படாத ஜாவாஸ்கிரிப்டை நீக்குங்கள்.

மெதுவான பக்கம் முதலில் விரட்டுவது விலை குறைந்த மொபைலும் கொஞ்சம் டேட்டாவும் வைத்திருப்பவரைத்தான். தகவல் அதிகம் தேவைப்படுகிறவரும் பல நேரங்களில் அவரே. இணையதளம் நடத்துகிறவர்கள் அவருடைய மொபைலில் ஓட்டிப் பார்த்துவிட்டு வெளியிடட்டும்.