கண்ணீர் வழிந்தாலும் அது கண் வறட்சியாக இருக்கலாம்

"கண் எரிகிறது, மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது, ஓயாமல் நீர் வடிகிறது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். நீர் வடியும் கண்ணை வறண்ட கண் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் பல நேரங்களில் அது கண் வறட்சிதான். கோளாறு இருப்பது இமையில்.

இமை விளிம்பில், முடிகளுக்குச் சற்று உட்புறமாக, சிறு எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக உள்ளன. மேலிமையில் சுமார் 25 முதல் 40 வரையும், கீழிமையில் சுமார் 20 முதல் 30 வரையும் இருக்கும். 'மெய்போமியன் சுரப்பிகள்' என்பது இவற்றின் பெயர். நாம் கண் சிமிட்டும்போதெல்லாம் இவற்றிலிருந்து எண்ணெய் கசிந்து, கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவுகிறது. கண்ணீர் ஆவியாகாமல் காக்கும் மூடி அதுதான்.

சுரப்பியின் வாய் அடைபட்டாலோ, எண்ணெய் உறைந்த நெய்போல் கெட்டியானாலோ அந்த மூடி சரியாக அமையாது. கண்ணீர் சீக்கிரம் உலர்ந்து கண் எரியும். எரிச்சலைத் தணிக்கக் கண் நீரைச் சுரக்கும். எண்ணெய் போதாத அந்த நீர் கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடும்.

காரணங்கள்

வயது கூடக்கூட இந்தச் சுரப்பிகள் தளர்கின்றன. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாற்றத்தாலும் இது வரலாம். நிமிடத்துக்குச் சுமார் 15 முறை சிமிட்டும் நாம், செல்போன் பார்க்கும்போது அதில் பாதிகூடச் சிமிட்டுவதில்லை. இமையின் உள்விளிம்பில் இடும் மையும் சுருமாவும் சுரப்பித் துளைகளை அடைக்கலாம். சிலவகை சுருமாவில் ஈயம் கலந்திருப்பதால் குழந்தைகளுக்கு இடவே கூடாது. பொடுகு, இமை அழற்சி, காண்டாக்ட் லென்ஸ், முகப்பருவுக்கான சில மாத்திரைகள் ஆகியவையும் காரணமாகலாம்.

அறிகுறிகள்

• எரிச்சல், உறுத்தல், நீர் வடிதல்
• காலையில் இமைமுடிகளில் பொருக்கு ஒட்டியிருத்தல்
• இமை விளிம்பு சிவந்து தடித்தல்
• படிக்கும்போது எழுத்து மங்கி, சிமிட்டியதும் தெளிதல்
• அடிக்கடி இமையில் கட்டி வருதல்

என்ன செய்யலாம்?

சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகள் மேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். சூடு ஆறினால் மறுபடி நனைத்துக்கொள்ளுங்கள். பிறகு மேலிமையை மேலிருந்து கீழாகவும், கீழிமையைக் கீழிருந்து மேலாகவும் விரலால் மென்மையாக நீவி, விளிம்பைத் துடைத்துவிடுங்கள். தினமும் இப்படிச் செய்துவந்தால் கெட்டியான எண்ணெய் இளகும். ஓரிரு நாளில் பலன் தெரியாது. பல வாரங்கள் விடாமல் செய்ய வேண்டும்.

மெடிக்கலில் கேட்டு நீங்களாகவே சொட்டு மருந்து வாங்கிப் போடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்தைக் கண்காணிப்பின்றித் தொடர்ந்தால் கண் அழுத்தம் கூடிப் பார்வையே பாதிக்கப்படலாம். கடும் வலி, வெளிச்சம் பார்க்கக் கூசுதல், பார்வைக் குறைவு இருந்தால் உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

நெடுநாள் அடைபட்ட சுரப்பிகள் சுருங்கி அழிந்துபோகும். அழிந்தவற்றை மீட்பது அரிது. அதனால், "வயசானால் கண் எரியத்தான் செய்யும்" என்று விட்டுவிடாமல், வீட்டில் யாருக்காவது இந்தத் தொல்லை இருந்தால் இப்போதே கவனியுங்கள்.