நாள் தள்ளிப்போனால் முதலில் யாரிடம் சொல்வது?

மருந்துக்கடையில் கிட் வாங்கி, காலையில் கழிக்கும் முதல் சிறுநீரில் சோதித்து, இரண்டு கோடுகளையும் பார்த்தாகிவிட்டது. அடுத்து என்ன? நம் வீடுகளில் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளிய சொல்லிக்கலாம்." கண்ணு பட்டுவிடும் என்ற பயம் ஒரு பக்கம். கரு தங்காமல் போனால் ஆளாளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற தயக்கம் மறுபக்கம். இரண்டாவதில் நியாயம் இருக்கிறது. கருச்சிதைவுகளில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களுக்குள்தான் நேர்கிறது. சித்தி, பெரியம்மாவிடம் எப்போது சொல்வது என்பது தம்பதியின் விருப்பம். ஆனால் அந்த 'வெளிய' என்பதில் சுகாதார செவிலியரையும் மருத்துவரையும் சேர்த்துவிடுகிறார்களே, அங்கேதான் சிக்கல்.

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற நரம்புக்குழல், கரு உண்டான நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்கிறது. கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் ஆறு வாரம். அதாவது, நாள் தள்ளிப்போய் ஏறக்குறைய இரண்டே வாரம். அது சரியாக மூடுவதற்கு உதவுவது ஃபோலிக் அமிலம். கருத்தரிக்கத் திட்டமிடும்போதே தினம் 400 மைக்ரோகிராம் எடுக்கத் தொடங்குவது உத்தமம். அப்படித் தொடங்காதவர்கள் கோடு தெரிந்த அன்றே தொடங்கலாம். மூன்று மாதம் கழித்து மாத்திரை அட்டையைப் பிரிக்கும்போது, அது எதற்காகத் தரப்படுகிறதோ அந்த வேலை எப்போதோ முடிந்திருக்கும்.

ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மருந்துகளின் விஷயமும் இப்படித்தான். பப்பாளியை வாசற்படி தாண்ட விடாத குடும்பங்கள்கூட, அலமாரியில் கிடக்கும் மாத்திரைகளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. முகப்பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின், சிலவகை ரத்த அழுத்த மாத்திரைகள், வலிப்புக்கான வால்புரோயேட் ஆகியவை கருவைப் பாதிக்கக்கூடியவை. அதற்காக எல்லாவற்றையும் தாமாகவே நிறுத்திவிடுவதும் ஆபத்து. வலிப்பு மாத்திரையைச் சட்டென்று விட்டால் வலிப்பு வந்துவிடும். தைராய்டு மாத்திரையோ நிறுத்தக்கூடாதது மட்டுமல்ல, அளவைக் கூட்டவே வேண்டிவரலாம். மருந்துச் சீட்டோடு அந்த வாரமே மருத்துவரைப் பார்ப்பதுதான் வழி.

தமிழ்நாட்டில் அடுத்த வேலை பதிவு. 12 வாரங்களுக்குள் பதிந்துவிட வேண்டும் என்பது சுகாதாரத் துறை வைத்திருக்கும் கணக்கு. கிராமமாக இருந்தால் துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் போதும். ஊர்க்காரர்கள் 'நர்சம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தத் தெருவில் யார் மருமகள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நகரத்தில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். 102-க்கு அழைத்தும், இ-சேவை மையத்திலும், 'பிக்மி' இணையதளத்தில் நாமே நுழைந்தும் முன்பதிவு செய்யலாம். செவிலியர் சரிபார்த்த பிறகு 12 இலக்க ஆர்.சி.எச். எண் கிடைக்கும். "நாங்க பிரைவேட்லதான் பாக்கறோம், எங்களுக்கு எதுக்கு இது?" என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கு இந்த எண்ணைக் கேட்பார்கள். பிரசவ வலி வந்த பிறகு இதற்காக அலைவதைவிட இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

பதிவின்போது செவிலியர் கேட்கும் முதல் கேள்வி, கடைசியாகத் தலைக்கு ஊற்றியது எப்போது என்பது. பலருக்குத் தேதி நினைவிருக்காது. "பொங்கலுக்கு நாலஞ்சு நாள் முன்னாடி" என்றால் அதையே பிடித்துக்கொண்டு நாட்காட்டியைப் புரட்டுவார். கணக்கு எளிது: மாதவிலக்கு தொடங்கிய நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்ட வேண்டும். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. ஸ்கேன், தடுப்பூசி, மாத்திரை என்று இனி வரும் எல்லாத் தேதிகளும் இதைச் சார்ந்தே குறிக்கப்படும். மாதவிலக்கு சீராக வராதவர்களுக்கு இந்தக் கணக்கு தப்பும். அவர்களுக்கு முதல் சில வாரங்களில் எடுக்கும் ஸ்கேன்தான் துல்லியமான வயதைச் சொல்லும். கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா, ஒன்றா இரண்டா என்பதும் அதில் தெரிந்துவிடும். 11 முதல் 13 வாரம் வரையில் ஒரு ஸ்கேன், 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் என்பது பொதுவான ஒழுங்கு. ஸ்கேன் மையத்தில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படியான நடைமுறை அது. ஆணா பெண்ணா என்று கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். எடை, உயரம், ரத்த அழுத்தம் பார்த்து, தாய் சேய் நல அட்டையில் குறித்துக்கொண்டதும் ரத்தமும் சிறுநீரும் எடுப்பார்கள். ஹீமோகுளோபின், ரத்த வகை, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சிஃபிலிஸ், தைராய்டு என்று பட்டியல் நீளும். பிறகு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கையில் கொடுப்பார்கள். மசக்கை உள்ளவர்களுக்கு இது பெரும் சோதனை. முகத்தைச் சுளித்துக்கொண்டு மெல்ல மெல்லக் குடித்து, வாந்தி வராமல் அடக்கி, இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதன்பின் சர்க்கரை 140-ஐத் தொட்டிருந்தாலோ தாண்டியிருந்தாலோ கர்ப்பகால நீரிழிவு. வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை என்பதுதான் இதன் வசதி. அதிகாலைப் பேருந்தில் பசியோடு வந்து மயங்கி விழும் தொல்லை இல்லை. முதல் தடவை சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்தில் மறுபடியும் பார்ப்பார்கள்.

ரத்த வகை நெகட்டிவ் என்று வந்தால் கணவரின் ரத்த வகையையும் கேட்பார்கள். அவர் பாசிட்டிவ் என்றால் 28-வது வாரத்தில் ஆன்ட்டி-டி ஊசி தேவைப்படலாம். கணவர்கள் வெளியே பைக்கில் சாய்ந்தபடி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உள்ளே வருவதற்கு இது ஒரு காரணம்.

இனி பணம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களின் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 18,000 ரூபாய். இதில் 14,000 தவணைகளாக வங்கிக் கணக்கில் வரும். மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். பெண்ணுக்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். பலருக்குப் பணம் தடைபடுவது தகுதியில்லாததால் அல்ல, இனிஷியலால். ஆதாரில் அப்பாவின் எழுத்து, பாஸ்புக்கில் கணவரின் எழுத்து. அல்லது கணக்கே மாமியார் பெயரில். கணக்கு அந்தப் பெண்ணின் பெயரில், ஆதாரோடு இணைந்ததாக இருக்க வேண்டும். வங்கியில் இதைத் திருத்த நாளாகும் என்பதால், வயிறு தெரிவதற்கு முன்பே போய்வருவது நல்லது.

கருவைத் தொடர்வதா என்ற குழப்பத்தில் இருப்பவர்களும் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனைதான். 1971-ஆம் ஆண்டுச் சட்டம், உரிய காரணங்களின்பேரில் மருத்துவர் மூலம் கருக்கலைப்பை அனுமதிக்கிறது. கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு உதிரப்போக்கோடு ஓடிவருவது உயிருக்கே வினையாகும்.

முதல் மாதங்களில் சில அறிகுறிகளுக்கு மட்டும் செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்கக்கூடாது. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, உதிரப்போக்கு, தலைசுற்றி மயக்கம் இருந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம், உடனே 108. குடித்த தண்ணீர்கூடத் தங்காத வாந்தியை மசக்கை என்று விட்டுவிடாமல் குளுக்கோஸ் ஏற்ற அழைத்துப் போக வேண்டும். கடும் காய்ச்சலும் அப்படியே.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால், "அங்க போய்ப் பதிஞ்சுக்கலாம்" என்று ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம் வரை இழுப்பவர்களும் இருக்கிறார்கள். இருக்கிற இடத்திலேயே பதியலாம். ஊர் மாறினாலும் ஆர்.சி.எச். எண் மாறாது. வளைகாப்பு முடிந்து கிளம்பும் முன் இந்த ஊர் நர்சம்மாவிடம் சொல்லிவிட்டு, தாய் சேய் நல அட்டையையும் ஸ்கேன் தாள்களையும் எடுத்துப் போய், அங்கே சேர்ந்த வாரமே அந்த ஊர் நர்சம்மாவிடம் காட்ட வேண்டும். புடவையும் வளையலும் அடுக்கிய பெட்டியின் அடியில் அல்ல, கைப்பையில்.