வேடமில்லாத பிள்ளை

தசரா நாள்களில் குலசேகரன்பட்டினம் என்னும் குலசையின் தெருக்களில் நடந்தால் தட்டேந்திய கைகள் நீண்டுகொண்டே இருக்கும். காளி, குரங்கு, பிச்சைக்காரர் என்று வேடம் கட்டிய சின்னஞ்சிறு பிள்ளைகள். "அம்மனுக்குக் காணிக்கை" என்றதும் மறுபேச்சில்லாமல் காசு போடுகிறோம். குலசைக் கோயிலின் முத்தாரம்மனுக்கு நேர்ந்துவிட்ட பிள்ளை அது. பின்னால் தாய் நிற்கிறாள், தசராக் குழு நிற்கிறது. அதே வயதுப் பிள்ளை வேடமில்லாமல் திருச்செந்தூர் பேருந்து நிலையத்தில் கைநீட்டினால், "நாதியத்தது, களவாணிப் பய" என்று ஒரே மூச்சில் இரண்டு தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அந்த இரண்டு தீர்ப்பும் சரிதானா என்று நாடு நாடாகப் போய்ப் பார்த்தவர் லூயிஸ் ஆப்டெக்கர். அமெரிக்க உளவியலாளர், சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். கொலம்பியாவின் காலி நகரத்தில் தெருப்பிள்ளைகளோடு பழகினார். படம் வரையச் சொன்னார், கட்டைகளை அடுக்கச் சொன்னார். 1988-இல் வந்த அவருடைய புத்தகம் பலருடைய எண்ணத்தை அசைத்தது. அந்தப் பையன்களில் பலருக்குத் தாய் இருந்தாள், தோழர்கள் இருந்தார்கள். ஊர் நினைத்த அளவுக்கு மனம் சிதைந்திருக்கவில்லை. தாய் தனியாகக் குடும்பம் தாங்கும் ஏழை வீடுகளில், சொந்தக் காலில் நிற்க ஆண்பிள்ளையைச் சீக்கிரமே பழக்குகிறார்கள். அந்த வளர்ப்பின் நீட்சியாகவே தெருவைப் பார்த்தார் அவர். அப்பன் சொல்லே சட்டமான வசதியான வீடுகளின் கண்ணுக்கு அதுவே அடங்காத்தனமாகப் பட்டது.

தெரு பிள்ளைக்கு நல்லது என்று இதைப் படித்துவிடக் கூடாது. நைரோபியில் அவரும் இன்னோர் ஆய்வாளரும் சேர்ந்து செய்த ஆய்வு 1999-இல் வெளியானது. பையன்களைவிடப் பெண்பிள்ளைகளின் மனநிலை மிக மோசமாக இருந்தது. வீடு உடைந்துபோன பிறகுதான் அவர்கள் தெருவுக்கு வருகிறார்கள் என்பது அவர் கண்ட காரணம்.

எனக்கு இது நம் கடற்கரை ஊர்களுக்கும் பொருந்தும் என்றே படுகிறது. "ஆம்பளப் புள்ள, நாலு இடம் சுத்தட்டும்" என்று இங்கேயும் சொல்வோம். பெண்பிள்ளையை அப்படி யார் சொல்லி அனுப்புகிறார்கள்? இரவில் ரயில் நிலையத்தில் ஒரு சிறுமி தனியாக உட்கார்ந்திருந்தால், காசு போட்டுக் கடந்துபோவது போதவே போதாது. 1098-ஐ அழைக்க வேண்டும். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் இருந்த ஜெரூ பில்லிமோரியா 1996-இல் தொடங்கிய உதவி எண் அது. அதற்கு முன்பே ரயில் நிலையத்துப் பிள்ளைகளிடம் தன் வீட்டு எண்ணைக் கொடுத்துவைத்திருந்தார் அவர். நள்ளிரவில் அவர்கள் அழைத்தார்கள்.