தாய்மடியும் ஆசனப்பட்டியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மோட்டார் வண்டியின் கதை சற்று விசித்திரமானது. பிற நாடுகளிலே பழம்பொருட் காட்சிக்குப் போய்விட்ட மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் இங்கே பல்லாண்டுகள் வாடகைக்கும் கலியாணத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தன. 1990ஆம் ஆண்டிலே பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அரும்பொருளானபோது, சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து, அதன்பின் மண்ணெண்ணெயிலே வண்டியைச் செலுத்தும் வித்தையை இவ்வூர்ச் சாரதிகள் கைவரப்பெற்றனர். குண்டுங்குழியுமான வீதிகளிலே புகை கக்கிக்கொண்டு மெல்ல ஊர்ந்த அவ்வண்டிகளில் ஆசனப்பட்டி என்பதொன்று இருந்ததில்லை. அதனை எவரும் தேடியதுமில்லை. முன்னே மூவர், பின்னே ஐவர், மடிதோறும் குழந்தைகள் என நெருங்கி அமர்ந்து கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போய்வந்த தலைமுறை, பயணம் என்றால் அதுதான் என்று எண்ணி வளர்ந்ததில் வியப்பொன்றுமில்லை.

இன்று வண்டியும் வேறு, வீதியும் வேறு. போர் 2009இல் முடிந்தபின், ஆனையிறவு, கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா வழியாகச் செல்லும் ஏ-9 கண்டி வீதி மீண்டும் திறக்கப்பட்டு, செப்பனிடவும் பட்டது. ஜப்பானிலிருந்து வந்த வான்கள் இராக்காலங்களிலே அந்த நேர்வீதியில் விரைகின்றன. மாடு குறுக்கிடும், வன்னிப் பகுதியிலே யானையும் குறுக்கிடும், விடியற் பொழுதிலே சாரதியின் கண் ஒரு நொடி அயர்ந்துவிடுவதும் உண்டு. இத்துணையும் மாறியிருக்க, குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் மாத்திரம் மண்ணெண்ணெய்க் காலத்திலேயே நின்றுவிட்டது.

சட்டம் ஓரளவு குறுக்கிட்டது. 2011ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம், சாரதியும் முன்னாசனத்தில் அமர்பவரும் ஆசனப்பட்டி அணிதல் வேண்டும் என்ற விதி இலங்கையிலே நடைமுறைக்கு வந்தது. பொலிசாரைத் தூரத்திலே கண்டதும் பட்டியை இழுத்துத் தோளிலே போட்டுக்கொள்வதும், அவர்களைக் கடந்ததும் கழற்றி விடுவதும் அதன்பின் தோன்றிய புதுவழக்கங்கள். ஆனால் அவ்விதி முன்னாசனத்தோடு நின்றதனால், பின்னாசனத்துக்குப் பட்டி வேண்டியதில்லை என்றொரு தவறான கருத்து மக்கள் மனத்திலே வேரூன்றிவிட்டது. குழந்தைகள் பெரும்பாலும் அமர்வது பின்னாசனத்திலே அன்றோ!

ஒரு வண்டி மோதி நிற்கும்போது நிகழ்வது யாது? வண்டி நின்றாலும், உள்ளிருப்பவரின் உடல் நிற்பதில்லை. வண்டி எவ்வேகத்தில் ஓடியதோ அவ்வேகத்திலேயே உடல் முன்னோக்கிச் செல்கின்றது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திலே சென்று மோதுவது, 10 மீற்றர் உயரத்திலிருந்து நிலத்தில் விழுவதற்குச் சமம். ஊர்ப்புறத்துக்கு வெளியே கார்களுக்கு விதிக்கப்பட்டுள்ள எல்லையான 70 கிலோமீற்றர் வேகமாயின், அவ்வுயரம் ஏறத்தாழ 20 மீற்றர் ஆகிவிடும். அஃதாவது, நன்கு வளர்ந்த பனையொன்றின் உச்சியிலிருந்து விழுவதுபோல. காலிலே தளைநார் பூட்டாமற் பனையேறும் தொழிலாளியை இம்மண்ணில் எவரும் கண்டதில்லை. பனையின் உயரம் கண்ணுக்குத் தெரிகின்றது; வேகத்தின் உயரம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இனி, தாய்மடியைப் பார்ப்போம். 10 கிலோ நிறையுள்ள குழந்தையை ஒரு தாய் இறுக அணைத்திருக்கின்றாள். 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிய வண்டி ஒரு நொடியின் பத்திலொரு பங்கிலே நின்றுவிடுமாயின், அக்கணத்தில் அவள் கைகள் தாங்கவேண்டியது 10 கிலோ அன்று, 140 கிலோ. சீமெந்து மூடைகள் மூன்றுக்குச் சற்றே குறைந்த பாரம். அன்பின் வலிமை பெரிதேயாயினும் தசைநார்க்கு அளவுண்டு. அவளும் பட்டி அணியாதிருந்தால் நிலைமை இன்னுங் கொடியது: அவள் உடலே குழந்தையை முன்னாசனத்தோடு நசுக்கிவிடும். தன்னையும் குழந்தையையும் சேர்த்து ஒரே பட்டியாற் கட்டிக்கொள்ளும் தாய்மாரும் உளர். அதுவும் ஆகாது, பட்டிக்கும் தாயின் உடலுக்கும் இடையிலே குழந்தை நெரிபடும்.

இடுப்பை மட்டும் சுற்றிய பழைய பட்டி வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சிதைத்தது. சுவீடன் நாட்டில் விமானிகளுக்கான வெளியேற்ற ஆசனங்களை வடிவமைத்துக்கொண்டிருந்த நில்ஸ் போலின் என்னும் பொறியியலாளர், பின்னர் வொல்வோ நிறுவனத்திற் சேர்ந்து, தோளையும் இடுப்பையும் ஒரே நாடாவால் மூன்று இடங்களிலே தாங்கும் பட்டியை அமைத்தார். அது 1959இல் கார்களிலே பொருத்தப்பட்டது. அதன் உரிமையை அந்நிறுவனம் தனக்கென வைத்துக்கொள்ளாது ஏனைய நிறுவனங்களும் பயன்படுத்த விட்டமை பாராட்டத்தக்கது. ஆசனப்பட்டியைச் சட்டத்தால் முதன்முதற் கட்டாயமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், ஆண்டு 1970.

குழந்தைக்கோ அப்பட்டி பொருந்துவதில்லை. பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்திற் கால்பங்கு; கழுத்தெலும்புகள் இன்னும் முற்றாதவை. முன்னோக்கி இருக்கும் குழந்தை மோதலிலே உடலாற் தடைப்பட்டு நின்றாலும், பாரமான தலை முன்னே பாய்ந்து கழுத்தை இழுக்கும். விண்வெளி வீரர் முதுகுப்புறமாகச் சாய்ந்து கிடந்து விசையை முதுகு முழுவதிலும் தாங்குவதைக் கண்ட சுவீடன் நாட்டு மருத்துவர் பேர்டில் ஆல்ட்மன், 1960களிலே பின்னோக்கிய குழந்தை ஆசனத்தை உருவாக்கினார். கைக்குழந்தை வண்டியின் பின்புறத்தை நோக்கி அமரவேண்டும் என்பதன் காரணம் இதுவே. தக்க ஆசனம் கைக்குழந்தைகளின் மரணத்தை ஏறத்தாழ 70 வீதம் குறைக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

இயன்றவரை நெடுங்காலம் பின்னோக்கியே இருத்துதல் நன்று. அவ்வாசனத்துக்கு உரிய உயரத்தையோ நிறையையோ பிள்ளை கடந்தபின் முன்னோக்கிய ஆசனம். அதன்பின், உயர்த்தி வைக்கும் சிற்றாசனத்தின் மேல் வண்டியின் பட்டி. ஏறத்தாழ 145 சென்ரிமீற்றர் உயரம் வளரும் வரையிலே பெரியோருக்கான பட்டி பிள்ளையின் கழுத்தையும் வயிற்றையுமே அறுக்கும். காற்றுப்பை இயங்கும் முன்னாசனத்தில் பின்னோக்கிய ஆசனத்தை ஒருபோதும் வைத்தலாகாது. ஊதிப் பெருக்கும் பை குழந்தையின் தலையிலே அறைந்துவிடும். நாடாக்கள் முறுகாதிருத்தல் வேண்டும். தோளருகே நாடாவை விரலாற் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு அகப்படக்கூடாது. போர்வையை நாடாவின் மேலே போர்த்துக, அடியிற் சுற்றற்க. வெயிலிலே நின்ற வண்டியாயின், பூட்டின் உலோகம் குழந்தையின் தோலைச் சுட்டுவிடும். கையால் தொட்டுப் பார்த்தே பூட்டுக. விபத்தொன்றிற்பட்ட ஆசனத்தை மலிவாய்க் கிடைத்தாலும் வாங்கலாகாது.

பெரியோர் பின்னாசனத்திலே பட்டியின்றி அமர்வது முன்னிருப்பவருக்கும் ஆபத்து. பின்னிருப்பவர் பட்டி அணியாவிடின், பட்டி அணிந்து முன்னே இருப்பவர் இறக்கும் அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்காகும் என 2002இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்று காட்டிற்று. சேலை கசங்கும் என்று அஞ்சும் அம்மாமார் இதனைத் தம் முன்னே அமர்ந்திருக்கும் மகனுக்காகவேனும் எண்ணிப் பார்க்கலாம். கருவுற்ற பெண்கள் இடுப்புப் பகுதியை வயிற்றின் கீழேயும், தோட்பகுதியை மார்பின் நடுவேயும் படுமாறு அணிதல் தகும்.

இவற்றையெல்லாம் நன்கறிந்த தமிழர் ஆயிரக்கணக்கில் உளர் என்பதே இங்கு நோக்கத்தக்கது. கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்திலே 1976 முதலும், பிரித்தானியாவிலே முன்னாசனத்தார்க்கு 1983 முதலும் பட்டி கட்டாயம். அங்கே குழந்தையை ஆசனத்திலே பூட்டாமல் வீட்டு வாசலைக்கூடத் தாண்டாத பெற்றோர், விடுமுறைக்குக் கட்டுநாயக்காவில் வந்திறங்கியதும் அதே குழந்தையை மடியில் ஏந்திக்கொண்டு, இரவு முழுவதும் யாழ்ப்பாணம் நோக்கி வானில் வருகின்றனர். பெட்டி நிறையச் சொக்கிலேற் வருகின்றது. குழந்தையின் ஆசனம் வருவதில்லை. பல விமான நிறுவனங்கள் அதனைத் தனிக்கட்டணமின்றியே ஏற்றிக்கொள்கின்றன. ஊரில் இருப்போர்க்கோ அவ்வாசனத்தின் விலை பெருஞ்சுமையே. அண்ணன் பிள்ளைக்குச் சிறிதான ஆசனம், விபத்திற் படாததாயின், தம்பி பிள்ளைக்கு உதவும்.

தனி ஆசனம் கிடைக்காத வீட்டார், ஓரளவு வளர்ந்த பிள்ளையைப் பின்னாசனத்திலே தனியிடத்தில் அமர்த்தித் தனிப்பட்டி பூட்டுவது மடியிலே வைத்திருப்பதினும் மேலானது. கைக்குழந்தைக்கு அதுவும் பொருந்தாதாகையால், சாரதியை மெல்லச் செலுத்துமாறு கூறுவதும், இரவுப் பயணத்தைத் தவிர்ப்பதும் எஞ்சியுள்ள வழிகளாம். கொழும்புப் பயணத்துக்கு வான் பேசும்போது, வாடகையோடு கூட, பின்னாசனங்களிலே பட்டி உண்டோ என்றும் கேட்டறிதல் வேண்டும். இல்லையென்று சாரதி சொல்லக்கூடும். ஆசனத்தின் உறையைச் சற்று விலக்கிப் பார்த்தால், ஜப்பானிலே பொருத்திய நாள்முதல் எவர் கையும் படாத பூட்டும் நாடாவும் அங்கே மடங்கிக் கிடப்பதைப் பலவேளைகளிற் காணலாம்.