முதியோர் உதவித்தொகை: கூட்டினால் மட்டும் போதுமா?

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் மாதம் ரூ.1,000இலிருந்து ரூ.1,200 ஆனது. விலைவாசி எகிறிக் கிடந்த நேரம், தக்காளி விலை தலைப்புச் செய்தியாக ஓடிக்கொண்டிருந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்த ஆயிரம் ரூபாய் எப்போது நிர்ணயித்தது என்று தேடிப் பார்த்தேன். 2011இல். அதாவது பன்னிரண்டு வருஷம் தொகை அசையவே இல்லை.

சரி, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மத்திய அரசின் நுகர்வோர் விலைக் குறியீடு அப்போது 2012ஆம் ஆண்டு விலைகளை 100 என்று வைத்துக்கொண்டிருந்தது. 2023 ஆகஸ்டில் அது சுமார் 186. 2012இல் நூறு ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு 186 ரூபாய் கொடுக்கணும். அப்படியென்றால் பழைய ஆயிரத்தின் மதிப்பு கெடாமல் இருக்க, தொகை ரூ.1,860 ஆகியிருக்க வேண்டும். கொடுத்தது ரூ.1,200. இதையே 2012 விலையில் சொன்னால் சுமார் ரூ.645. உயர்வுக்குப் பிறகும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துபோயிருக்கிறது.

"ரேஷன் அரிசிதான் இலவசமா கிடைக்குதே" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், அது பெரிய ஆறுதல். ஆனால் அரிசி மட்டும் சாப்பாடு ஆகிவிடாது. பருப்பு, எண்ணெய், பால், காய்கறி, சர்க்கரை வியாதி மாத்திரை தீர்ந்துபோனால் மருந்துக்கடை, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ எல்லாம் இந்தத் தொகையில்தான். எங்கள் தெருவில் இந்தப் பணம் வாங்கும் ஒரு பாட்டி சொல்வார்: "காசு வந்த அன்னிக்கே பால்காரருக்கும் மருந்துக்கடைக்கும் போயிடும் தம்பி."

இதில் மத்திய அரசின் பங்கு இன்னும் வேடிக்கை. தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் ஆளுக்கு ரூ.200 என்று நிர்ணயித்தது 2006இல். 80 வயது தாண்டியவர்களுக்கு மட்டும் 2011இல் ரூ.500 ஆக்கினார்கள். மற்றவர்களுக்கு 2023இலும் அதே 200தான். 2012 விலையில் பார்த்தால் அது 107 ரூபாய் சொச்சம். மீதிச் சுமை முழுக்க மாநிலத்தின் தலையில். அதனால்தான் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு தொகை. ஆந்திராவில் 2024இல் ரூ.4,000 ஆக்கினார்கள், அதுவும் தேர்தல் வாக்குறுதியாக வந்ததுதான்.

இப்போது அரசு ஊழியர்கள் பக்கம் வாருங்கள். மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படி ஜனவரி, ஜூலை என வருஷத்துக்கு இரண்டு முறை விலைக் குறியீட்டை வைத்துத் திருத்தப்படுகிறது. 2016இல் புதிய சம்பளம் வந்தபோது பூஜ்யத்தில் தொடங்கிய படி, 2024 ஜனவரியில் 50 சதவீதம் ஆனது. அவர்களுக்குக் கொடுப்பது தப்பு என்று சொல்ல வரவில்லை. விலை ஏறினால் தொகையும் ஏற வேண்டும் என்ற நியாயத்தை அரசு ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருக்கிறது. அதற்கான சூத்திரமும் கையில் இருக்கிறது. மிக ஏழையான முதியவருக்கு மட்டும் அது பொருந்தாதா என்பதுதான் என் கேள்வி.

பிரிட்டனில் அரசு ஓய்வூதியத்துக்கு 'ட்ரிபிள் லாக்' என்று ஒரு விதி 2011 முதல் இருக்கிறது. விலை உயர்வு, சராசரிச் சம்பள உயர்வு, 2.5 சதவீதம் - இந்த மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு ஒவ்வொரு ஏப்ரலிலும் தொகையைக் கூட்டுவார்கள். 2023 ஏப்ரலில் 10.1 சதவீதம் கூடியது. இதிலும் ஓட்டை உண்டு. 2022இல் சம்பளக் கணக்கை ஒரு வருஷம் நிறுத்தி வைத்தார்கள். முந்தைய செப்டம்பர் விலையைப் பார்த்து 3.1 சதவீதம் கொடுத்தார்கள். அந்த ஏப்ரலில் விலைகளோ 9 சதவீதம் ஏறியிருந்தன. நம் ஊரிலும் கொரோனா காலத்தில் அகவிலைப்படியின் மூன்று தவணைகளை முடக்கினார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். சூத்திரம் இருக்கும் இடத்தில், கொடுக்காமல் இருக்க அரசு வாய் திறந்து அறிவிக்க வேண்டும். அப்புறம் சண்டை வரும், பதில் சொல்லணும். சூத்திரம் இல்லாத இடத்தில் யாரும் எதையும் அறிவிக்க வேண்டியதில்லை. விலை ஏற ஏற, தொகை தானாகக் குறைகிறது. வெட்டு நடந்ததே யாருக்கும் தெரியாது.

"நிதி எங்கே?" என்பது நியாயமான கேள்வி. லட்சக்கணக்கானோர் வாங்கும் திட்டம், ஒரே மூச்சில் ஆயிரத்தை இரட்டிப்பாக்கினால் பட்ஜெட்டில் பெரிய பள்ளம் விழும். ஆனால் பன்னிரண்டு வருஷம் சேர்த்து வைப்பதால்தான் அந்தத் தொகை பயமுறுத்துகிறது. 1,200க்கு 5 சதவீதம் என்றால் ஆளுக்கு மாதம் 60 ரூபாய். வருஷா வருஷம் செய்தால் அரசு முன்கூட்டியே திட்டமிடலாம், வாங்குபவரும் எதிர்பார்த்து இருக்கலாம்.

ஆகவே, அடுத்த முறை 'உதவித்தொகை உயர்வு' என்று செய்தி வந்தால் மூன்று விஷயம் பாருங்கள். கடைசியாக எப்போது கூட்டினார்கள்? அதற்குப் பிறகு விலை எவ்வளவு ஏறியிருக்கிறது? அடுத்த உயர்வு எப்போது என்று ஆணையில் எழுதியிருக்கிறதா? மூன்றாவதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால், அறிவித்த நாளிலிருந்தே அந்தத் தொகை கரையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.