கோபுரத்தால் அளந்த வானம்

இராஜபாளையத்தில் எந்த மொட்டைமாடியில் ஏறினாலும் மேற்கே மலை சுவராக நிற்கும். ஆடி மாதத்து மாலையில் அந்தச் சுவரின் உச்சியில் மேகம் வழிந்து இறங்கும். இந்தப் பக்கம் ஒரு சொட்டு மழை இருக்காது, காற்று மட்டும் கொடியில் காயும் வேட்டியைப் படபடவென்று அடிக்கும். அப்படி ஒரு மாலையில் கைபேசியில் விமானிகள் பயன்படுத்தும் வகையிலான வரைபடச் செயலி ஒன்றைத் திறந்துகொள்வோம். மதுரை விமான நிலையத்தை ஒருமுறை தொட்டு, திருவனந்தபுரத்தை ஒருமுறை தொட்டால் நடுவே ஒரு கோடு விழும். சிவகாசியை உரசிக்கொண்டு, சங்கரன்கோவிலின் தலைக்கு மேலாகப் போய், தென்காசியைத் தொட்டு, மலையைத் தாண்டி மேலைக் கடற்கரைக்கு ஓடும் கோடு அது. அதன் ஓரத்தில் மூன்று எண்கள்: 107, 221, 58.

முதல் எண் தூரம், கடல்மைலில். இரண்டாவது திசை, டிகிரியில். மூன்றாவது நேரம்: மணிக்கு 110 கடல்மைல் வேகத்தில் போகும் ஒற்றை எஞ்சின் குட்டி விமானத்துக்கு 58 நிமிடம். விரலை எடுப்பதற்குள் கணக்கு முடிந்துவிட்டது. முன்பு இதற்குப் பெரிய தாள் வரைபடத்தை மேசையில் விரித்து, பென்சில், அளவுகோல், பாகைமானி, கையால் சுழற்றும் கணக்கு வட்டு எல்லாவற்றையும் எடுத்து உட்கார வேண்டும். இப்படிப்பட்ட கைபேசிச் செயலிகளில் முன்னோடியான ஃபோர்ஃபிளைட்டின் நிறுவனமே 2007இல்தான் தொடங்கியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2013இல் தன் விமானிகள் சுமந்த தாள் கையேட்டுப் பைகளை ஒழித்துவிட்டு ஐபேடுகளைக் கொடுத்தது. ஒவ்வொரு பையும் ஏறக்குறைய 16 கிலோ, அதாவது 25 கிலோ அரிசிச் சிப்பத்தில் பாதிக்கு மேல். இந்தத் திரைக்கு இன்றும் 'மின்னணுப் பறப்புப் பை' என்றுதான் பெயர். பழைய பையின் நினைவு பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கடல்மைல் என்பது தற்செயலான அளவு அல்ல. அட்சரேகையில் ஒரு டிகிரியை 60 பங்கிட்டால் ஒரு பங்குதான் ஒரு கடல்மைல், 1,852 மீட்டர். ஆகவே வரைபடத்தின் ஓரத்தில் உள்ள டிகிரிக் கோடுகளே அளவுகோலாகிவிடுகின்றன. இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நேர்க்கோட்டில் சுமார் 6 கடல்மைல், 11 கிலோமீட்டர். இந்த 11ஐ மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

திசைக்கு வருவோம். 221 என்பது உண்மையான வடக்கிலிருந்து அளந்தது. திசைகாட்டி முள் நம் பகுதியில் அதற்கு ஏறத்தாழ 2 டிகிரி மேற்கே தள்ளி நிற்கிறது. பூமியின் காந்தம் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் நகர்ந்துகொண்டே இருப்பதால், உலகக் காந்த வரைபடத்தை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். செயலி அதைப் பார்த்து 223 என்று திருத்திச் சொல்லும். ஓடுபாதைகளின் பெயர்கூட இந்த முள்ளின் கணக்குதான். மதுரை ஓடுபாதையில் 09 என்று எழுதியிருந்தால் அது 90 டிகிரி, கிழக்கு. எதிர்முனையில் 27, மேற்கு.

இனி காற்று. அம்மியையும் தூக்கும் என்று பேர் வாங்கிய ஆடிக் காற்று மேற்கிலிருந்து 25 கடல்மைல் வேகத்தில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆற்றைக் கடக்கும் பரிசல்காரரைப் பாருங்கள். எதிர்க்கரைத் துறையை நோக்கி நேராகத் துடுப்புப் போடமாட்டார். துறைக்கு மேலே, நீர் வரும் பக்கமாகக் குறிவைப்பார், வெள்ளம் அவரைத் துறைக்கே கொண்டுவந்து சேர்த்துவிடும். விமானமும் அப்படித்தான். மூக்கை 10 டிகிரி வலப்பக்கம் திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தபடியே கோட்டின் மேல் போகும். காற்றில் ஒரு பங்கு எதிர்க்காற்றாக நிற்பதால் தரையின் மேல் வேகம் 92 கடல்மைலாகக் குறைகிறது. திரையில் 58 இருந்த இடத்தில் இப்போது 70. கூடுதல் 12 நிமிடம், ஆறேழு லிட்டர் பெட்ரோல். இந்தக் காற்றுக் கணக்குக்கு அடியில் பலூன்கள் இருக்கின்றன. திருவனந்தபுரம் உட்படப் பல ஊர்களிலிருந்து வானிலைத் துறையினர் கருவி கட்டிய பலூன்களை வானத்துக்கு அனுப்பி மேல்காற்றை அளக்கிறார்கள்.

ஆனால் மலையைத் தாண்டிய காற்று நம் பக்கம் எப்படி இறங்கும் என்பது வேறு கதை. தடுப்பணையைத் தாண்டிக் குதிக்கும் நீர் அடியில் சுருண்டு புரள்வதுபோல, முகட்டைத் தாண்டிய காற்றும் கிழக்குச் சரிவில் சுருளும். சிறு விமானத்துக்கு அது பொல்லாத இடம். இதை எந்தத் திரையும் முழுதாகக் காட்டிவிடாது. முகட்டில் வழியும் மேகத்தைக் கண்ணால் பார்த்துப் படிக்கத் தெரிந்த விமானிக்கு ஈடு இல்லை என்றே நினைக்கிறேன்.

மலையையாவது திரை காட்டுமா என்றால், அதை அழகாகக் காட்டும். பறக்கும் உயரத்தைச் சொன்னதும் நிலம் நிறம் மாறும். விமானத்துக்குக் கீழே 1,000 அடிக்குள் வரும் நிலம் மஞ்சள், 100 அடிக்குள்ளும் அதற்கு மேலும் வரும் நிலம் சிவப்பு. உயரத்தைக் குறைக்கக் குறைக்க இராஜபாளையத்துக்கு மேற்கே உள்ள மலைத்தொடர் முழுக்க இரும்பு காய்வதுபோலச் சிவந்துகொண்டே வரும். ஒவ்வொரு சரிவின் உயரமும் இந்தச் சின்னக் கண்ணாடிக்கு எப்படித் தெரிந்தது?

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுற்றியது. அதன் வயிற்றில் ஒரு ரேடார் அலைவாங்கி. அங்கிருந்து பக்கவாட்டில் நீண்ட 60 மீட்டர் கம்பத்தின் நுனியில் இன்னொன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் 11 நிலை இராஜகோபுரம் சுமார் 192 அடி, கிட்டத்தட்ட அதே அளவு. அந்தக் கோபுரத்தைக் கிடையாகப் படுக்கவைத்து விண்வெளியில் நீட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். நம் இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள சில அங்குல இடைவெளியால் தூரம் தெரிகிறது அல்லவா? விண்ணோடத்துக்கு இரண்டு கண்களுக்கு நடுவே ஒரு கோபுர இடைவெளி. உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய 80 சதவீதம் இப்படி அளக்கப்பட்டது, 30 மீட்டர்ச் சதுரத்துக்கு ஓர் உயரமாக. நம் ஊர்க் கணக்கில் 22 சென்ட் நிலத்துக்கு ஓர் எண். காட்டில் ரேடார் அலை தரை வரை முழுதாக இறங்குவதில்லை. செண்பகத்தோப்புப் பக்கம் சாம்பல்நிற அணில்கள் தாவும் மரக்கிளைகளும் உயரக் கணக்கில் கொஞ்சம் சேர்ந்திருக்கும்.

இப்போது கோட்டின் நடுவே விரலை அழுத்தி இழுத்தால் ரப்பர் வளையம்போல வளைந்து வரும். தென்காசிக்கு அப்பால் அதை ஆரியங்காவு வரை மேற்கே இழுத்துப் பார்த்தேன். செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு 1904இல் ரயில் விட்டவர்கள் மலைச்சுவரில் தேடிப் பிடித்த தாழ்வான வாசல் அது. தூரம் எவ்வளவு கூடும்? 2 கடல்மைல்கூட இல்லை. ஒரு நிமிடப் பறப்பு. விமானி எப்படியும் தாராளமான உயரத்தில்தான் மலையைக் கடப்பார். கீழே தாழ்ந்த நிலம் இருப்பது கூடுதல் நிம்மதி. வாசல் தாழ்வானால் காற்றும் அதே வழியில்தான் பாயும் என்பதை அவர் மறந்துவிடக் கூடாது. கோடு முடிவானதும் அது பறப்புத் திட்டமாகி, அதிகாரிகளின் ஒப்புதல் எண்கள் வந்த பிறகே சக்கரம் உருளும்.

விமானமே ஏறாதவர்களுக்கும் இப்போது ஒரு வான வரைபடம் இருக்கிறது. 2021 செப்டம்பரில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் ட்ரோன்களுக்காக இந்திய வானத்துக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பூசி வெளியிட்டது. பச்சையில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம். ஆண்டாள் கோபுரத்தின் மேல் இன்னொரு கோபுரத்தை நிறுத்தி, அதற்கு மேல் ஒன்றரை மாடி. வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோனுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது.

இனி வரைபடத்தின் நடுவில் நாம் இருக்கும் இடத்தைக் காட்டித் துடிக்கும் நீலப் புள்ளிக்கு வருவோம். என்னைக் கேட்டால் திரையிலேயே பெரிய அதிசயம் இதுதான். சிவகாசிப் பக்கம் தூரத்தில் வெடி வெடித்தால் வெளிச்சம் முதலில், சத்தம் பிறகு. இடையில் 3 விநாடி என்றால் ஒரு கிலோமீட்டர் என்று சிறுவர்கள்கூடச் சொல்வார்கள். ஜிபிஎஸ் செய்வதும் இதையேதான். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், 'இப்போது மணி இத்தனை' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தக் குரல் நம்மை வந்தடைய விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு. எவ்வளவு தாமதம் என்று தெரிந்தால் எவ்வளவு தூரம் என்று தெரியும். மூன்று செயற்கைக்கோள்கள் இருந்தால் இடம் கிடைத்துவிட வேண்டும். ஆனால் கைபேசியின் கடிகாரம் மலிவானது. அதன் பிழையைக் கண்டுபிடிக்க நான்காவது செயற்கைக்கோள் வேண்டும்.

செயற்கைக்கோளில் உள்ள அணுக் கடிகாரத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. ஈர்ப்பு குறைந்த உயரத்தில் காலம் சற்று வேகமாக ஓடும், விரைந்து போகும் கடிகாரம் சற்று மெதுவாக ஓடும் என்றார் ஐன்ஸ்டீன். இரண்டையும் கூட்டிக் கழித்தால் செயற்கைக்கோளின் கடிகாரம் நாளொன்றுக்கு 38 மைக்ரோவிநாடி முந்துகிறது. அந்த நேரத்தில் ஒளி ஓடும் தூரம் 11 கிலோமீட்டர். திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பிழை இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் உள்ள தூரம் அளவுக்கு வளர்ந்துவிடும். அதனால்தான் ஏவும் முன்பே கடிகாரங்களைக் கொஞ்சம் மெதுவாக ஓடும்படி அமைக்கிறார்கள்.

இது உலகம் முழுமைக்கும் பொது. நம் தெற்குச் சீமைக்கென்று தனியாக இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது காலடியில். ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது கடலிலிருந்து அல்ல, துருவங்களில் சற்றுத் தட்டையான, வழுவழுப்பான கற்பனைப் பூமியிலிருந்து. உண்மைக் கடல்மட்டமோ ஈர்ப்பு இழுக்கிறபடி மேடு பள்ளமாக நிற்கிறது. உலகிலேயே மிக ஆழமான ஈர்ப்புப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ளது. அங்கே கடல்மட்டம் அந்தக் கற்பனைப் பரப்புக்கு 106 மீட்டர் கீழே. பள்ளத்தின் சரிவு நம் ஊர் வரை நீள்கிறது. தென் தமிழகத்தில் வித்தியாசம் சுமார் 90 மீட்டர், ஒன்றரை ஆண்டாள் கோபுரம்! திருத்தாத ஜிபிஎஸ் எண்ணைக் காட்டும் செயலியோடு தூத்துக்குடிக் கடற்கரையில் நின்றால், கடலுக்கு அடியில் 90 மீட்டரில் நிற்பதாகச் சொல்லும். இராஜபாளையம் மொட்டைமாடியிலோ உண்மை உயரத்தில் பாதிதான் காட்டும். நல்ல செயலிகள் உலகம் முழுவதற்குமான ஈர்ப்பு அட்டவணையைப் பார்த்துச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுகின்றன. பள்ளம் ஏன் அங்கே என்பதற்கு பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023இல் ஒரு விளக்கம் தந்தார்கள்: பூமியின் ஆழத்திலிருந்து சூடான, அடர்த்தி குறைந்த பாறைப்பொருள் அப்பகுதியில் மேலெழுந்து பரவியிருக்கிறது.

இரண்டாவது சிக்கல் தலைக்கு மேலே. பூமியின் காந்தக் கோடுகள் தரைக்குக் கிடையாகப் படுத்திருக்கும் காந்த நடுக்கோடு, நம் தென்கோடியை ஒட்டித்தான் ஓடுகிறது. சூரிய ஒளி உயரக் காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து உண்டாக்கும் மின்னேற்ற அடுக்குக்கு அயனி மண்டலம் என்று பெயர். ஜிபிஎஸ் குரல் அதைக் கடக்கும்போது தடுமாறித் தாமதிக்கும். தாமதம் கூடினால் தூரமும் கூடினதாகத் தோன்றும், புள்ளி பல மீட்டர் தள்ளி விழும். காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் இது இன்னும் மோசம். பொழுது சாய்ந்ததும் அடுக்கின் அடிப்பகுதி சட்டென்று மெலிந்துவிடும். கனமானது மேலே, மெல்லியது கீழே. தண்ணீர்ப் பானையின் அடியில் எண்ணெயைப் பீய்ச்சினால் உருண்டு மேலே வருவதுபோல, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரமுள்ள குமிழிகள் கிளம்பும். அவற்றின் ஊடே வரும் குரல் நட்சத்திரம்போல மினுங்கி, சில நேரம் அறுந்தே போகும். திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பது இந்த வானத்தைக் கவனிக்கத்தான்.

விமானம் இறங்கும்போது பல மீட்டர்ப் பிழையைப் பொறுக்க முடியாது. இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து ககன் என்ற திருத்த அமைப்பை உருவாக்கின. நாடெங்கும் 15 நிலையங்கள், திருவனந்தபுரத்திலும் ஒன்று. தங்கள் இடம் துல்லியமாகத் தெரிந்த நிலையங்கள் இவை. ஜிபிஎஸ் சொல்லும் இடம் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, வானத்தின் எந்தக் கட்டத்தில் எவ்வளவு தாமதம் என்று கணக்கிட்டு, அதைச் செயற்கைக்கோள்கள் வழியாக விமானங்களுக்கு அனுப்புகிறார்கள். அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஜப்பானும் முன்பே இதைச் செய்தன, ஆனால் அவற்றின் வானம் இவ்வளவு கொதிக்காது. இறக்கத்துக்கும் வழிகாட்டலாம் என்ற சான்று ககனுக்கு 2015இல் கிடைத்தது. 2022 ஏப்ரலில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ராஜஸ்தானின் கிஷன்கர் நிலையத்தில் ககனைப் பிடித்துக்கொண்டு இறங்கியது.

வெளிச்சம் குறைந்துவிட்டது. மலை கறுத்த கோடாகிவிட்டது. திரையில் நம் கோட்டின் தென்முனையில் விரல்களை வைத்து விரித்துப் பெரிதாக்குகிறேன். திருவனந்தபுரம் ஓடுபாதை, அதன் ஓரத்தில் கடல், கரையோடு சில கிலோமீட்டர் வடமேற்கே தும்பா. காந்த நடுக்கோடு அருகில் ஓடுகிறது என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்ட மீனவர் ஊர். 1963 நவம்பர் 21 அன்று மாலை அங்கிருந்து கிளம்பிய முதல் ராக்கெட், மேலே போய்ச் சோடியம் ஆவியைக் கக்கியது. அந்தி வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேகம் ஒளிர்ந்தது. அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று கீழிருந்து படமெடுத்துக்கொண்டே இருந்தார்கள்.